அம்மனுக்கு வலப்பக்கம்

குன்றுமேல் இருக்கும் கரட்டுக் கோயிலில், அம்மன் முன்னால், பண்டாரம் அகலில் எண்ணெய் வார்த்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு எழுந்தபோது நாச்சம்மா அத்தை ஒரு கேள்வி கேட்டாள். அதுவரை சாந்தாமணியின் மனம் கல்லாகத்தான் இருந்தது. அப்படி இருக்கும்படி காலையிலிருந்தே அதைப் பழக்கி வைத்திருந்தாள். "ஏனுங் பண்டாரம், வலமின்னா எந்த வலமுங்க? நம்முளுதா, ஆத்தாளுதா?" என்றாள் அத்தை, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. பண்டாரம் சிரித்தார். "இதென்ன கேள்வியுங்க. வாக்குச் சொல்றவ ஆத்தா. அவ வலந்தான் வலம். நம்ம நொட்டாங்கைப் பக்கமாக் கெவுளி சத்தங் குடுத்தா நல்ல வாக்கு. சோத்தாங்கைப் பக்கம் குடுத்தா ஆகாது. எங்கப்பாரு பூசை பண்ணுன காலத்துலயிருந்து அதுதானுங்க." "நல்லவேளை கேட்டேன். நாம்பாட்டுக்குத் தலைகீழாச் சொல்லி, நல்ல சம்மந்தத்தைக் கெடுத்திருப்பேன்." பண்டாரம் மற்ற விதிகளையும் சொன்னார். திரி அணைகிற மட்டும் யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. அவர் வெளியே மணிக்கம்பத்தடியில் இருப்பார். பல்லி சொல்வதைப் பூசாரி கேட்கக்கூடாது, கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். பல்லி பேசாமலே திரி அணைந்தால் அதுவும் ஆகாது என்றே பொருள். "அப்பறம், பொண்ணு சொல்லப்படாதுங்க. பொண்ணு கேட்டது கணக்கில்லை." "அதுக்குப் பயமே வேண்டாமுங்க, எங்க சாந்தாமணி காலேஜுல மட்டுந்தான் வாயைத் தொறப்பா" என்றாள் அத்தை. பண்டாரம் மறுபடி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சிரித்தாரா என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் அவளுக்குப் பின்னால் இருந்தார், திரும்பிப் பார்க்கும் நேரம் அதற்குள் முடிந்துவிட்டது. கதவு கிறீச்சிட்டு ஒருக்களித்துச் சாத்திக்கொண்டது.

நொட்டாங்கைப் பக்கம். மண்டபத்துக்குள் வெயில் ஒரு கயிற்றின் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. சாந்தாமணி தன் இடது கையைப் பார்த்தாள். மடியில் வலது கைக்கு அடியில் அது கிடந்தது, யாரோ மறந்துவிட்டுப்போன கை மாதிரி. இடது கைப் பக்கம் உக்கிராண அறை. பித்தளைத் தவலைகளும், திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் மரக்குதிரையும் அதற்குள் இருந்தன. வலது கைப் பக்கம் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, யாரோ நேர்ந்துகொண்டு வாங்கி வைத்தது, ரசம் போய்க் கரும்புள்ளி விழுந்த கண்ணாடி. அன்றைக்கும் இதே இடம், இதே கல், இதே குளிர்ச்சி. ஏழு வருடம். அன்றைக்கு இந்தப் பண்டாரத்துக்குக் காய்ச்சல், அவருடைய அக்கா மகன் ஒருவன் வந்து திரி ஏற்றினான், பூசையே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தவன். பல்லி சொன்னது, உக்கிராண அறையிலிருந்து, மரத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி அத்தனை தெளிவாக. திரி அணைந்ததும் அவன் உள்ளே வந்து, "எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டான். அப்பா, "நொட்டாங்கைப் பக்கமப்பா. ஆகாது போலிருக்குது" என்றார். அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு நொடி பார்த்தான். எது எது என்று பிரித்துக்கொள்கிறவன் மாதிரி. பிறகு "சரிங்க" என்றான். அவ்வளவுதான். அதோடு, அப்போது பெண் கேட்டிருந்த பூபதி வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பியாயிற்று. அம்மன் வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று அன்றிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைக்கும்போது, வேண்டாமென்று தன்னைப் பார்த்துச் சொன்னவளைத்தான் கும்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கும்பிட்டாள். அம்மன் வேண்டாமென்று சொல்லவில்லை. நல்ல வாக்குத்தான் சொல்லியிருக்கிறாள். இதை யாரிடம் சொல்வது. சொல்லக்கூடாது, எழக்கூடாது, திரி இன்னும் பாதிகூட எரியவில்லை.

அப்பாவுக்குத் தெரியாதா. அங்கேதான் மனம் போய்ப் போய் மாட்டிக்கொண்டது, முள்வேலியில் முந்தானை மாட்டுகிற மாதிரி, எடுக்க எடுக்க வேறொரு முனை மாட்டியது. தெரியாமல் இருக்கலாம். அந்தப் பையனுக்கே தெரியவில்லை. மனிதர்கள் அவரவர் கையைத்தானே வலம் என்கிறார்கள். ஆனால் அப்பா இந்தக் கரட்டுக்குச் சிறு வயதிலிருந்து வருகிறவர். அவருக்கும் அம்மாவுக்குமே இங்கேதான் கெவுளி வாக்குக் கேட்டார்கள். அந்தக் கதையை அவர் எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறார், காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே, "உங்கம்மா வேண்டாம்னு சாமிகூடச் சொல்லலை, நான் எங்க போயித் தப்பிக்க" என்று முடிப்பார், அம்மா உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். அந்தக் கதையில் பல்லி எந்த மூலையிலிருந்து சொன்னது? உக்கிராண மூலை என்றாரா, கண்ணாடி மூலை என்றாரா? அப்போது கண்ணாடி ஏது, கண்ணாடி பிறகல்லவா வந்தது. ஏதோ ஒரு மூலை சொன்னார். சாந்தாமணி அந்தக் குரலைத் தேடினாள், டம்ளர் மாற்றும் சத்தம் வந்தது, நுரை வந்தது, காபியின் வாசனைகூட வந்தது, மூலை மட்டும் வரவில்லை. பாட்டு முழுக்க மனப்பாடமாக இருந்து நடுவில் ஒரு சீர் மட்டும் விழுந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி. பின்னால் அப்பா மூச்சு விடுவது கேட்டது. பண்டாரம் வலம் எதுவென்று சொன்னபோது அந்த மூச்சு நின்றதா? நின்ற மாதிரித்தான் இருந்தது. இல்லை, இப்போது நினைப்பதனால் அப்படி இருக்கிறது. அம்மாவைக் கேட்கலாம். அம்மா பக்கத்தில்தான், முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்த நாளுக்குப் பிறகு இந்தக் கரடு ஏறவில்லை, முட்டி வலி என்றாள். முட்டி வலி உண்மைதான், ஆனால் பழனிக்குப் போனாள், அங்கே இதைப்போலப் பல மடங்கு படி. இன்றைக்கு ஒரு வார்த்தை முனகாமல் ஏறி வந்தாள்.

கால் மரத்துக்கொண்டிருந்தது. முதலில் கட்டைவிரல் போயிற்று, பிறகு பாதம், இப்போது கணுக்கால் வரை வேறு யாருடையதோ. ரவிக்கையின் கடைசிக் கொக்கி முதுகெலும்பில் குத்திக்கொண்டே இருந்தது. கீழே ஊருக்குள் ஒரு சீர் வீடு. ஒலிபெருக்கி பாட்டை நிறுத்தி நிறுத்தி, யார் யார் என்ன தட்டு கொண்டுவந்தார்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தது, காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் "தாய்மாமன்" என்று ஒரு வார்த்தை ஏறி வந்தது. அந்தச் சத்தத்தில் பல்லி பேசினால் கேட்குமா. பல்லிக்குத் தெரியுமா தனக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று. அதற்கு ஒரு பூச்சி வேண்டும், ஒரு ஜோடி வேண்டும், அதற்காகச் சத்தம் போடுகிறது, நாம் அதன் பசியைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கதவில் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொள்கிறோம். இப்படி நினைக்கிறவள் எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் அதற்குச் சகுனம் என்று பேர், அவள் பாடம் நடத்தும் வகுப்பில் நிமித்தம். நிமித்தம் என்று கரும்பலகையில் எழுதும்போது அது யாருடைய வீட்டு விஷயமோ போல, பழைய காலத்து மழை போல அழகாக இருக்கும். புள் நிமித்தம். விரிச்சி. ஊர்க்கோடியில் நெல்லும் பூவும் தூவி நின்று, போகிற வருகிறவர்கள் தற்செயலாகப் பேசும் வார்த்தையைக் காதில் வாங்கி அதையே நடக்கப்போவதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்று போன மாதம்கூட நடத்தினாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு துடுக்குக்காரி எழுந்தாள். "மிஸ், நீங்க இதெல்லாம் நம்புவீங்களா?" "நம்பமாட்டேன்" என்றாள் சாந்தாமணி. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு மேலே ஒரு பல்லி சொல்லிற்று. அவளுடைய விரல், அவளைக் கேட்காமலே, மேசையைத் தட்டியது. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, எந்தப் பக்கம் என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டாள்.

வெளியே மணிக்கம்பத்தடியில் பண்டாரம் யாருடனோ பேசினார். சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. பிறகு பேச்சும் கேட்டது. "அது வராதுங்க. கயித்தை அத்துக்கிட்டுப் போனது போனதுதான்." சாந்தாமணியின் முதுகு நிமிர்ந்தது. விரிச்சி. நெல்லும் பூவும் இல்லாமலே வந்து விழுந்த வார்த்தை. கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. போவது யார், வராதது எது. பூபதி வரமாட்டார் என்றா, அவள் அறுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றா? "வெள்ளாடு அப்பிடித்தானுங்க, செம்மறின்னாத் திரும்பும்" என்றது இன்னொரு குரல். ஆட்டைப் பற்றி. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. முப்பத்திரண்டு வயதில், பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய சுவருக்குக் கீழே தினம் படுத்து எழுகிறவள், யாரோ தொலைத்த வெள்ளாட்டில் தன் தலையெழுத்தைத் தேடுகிறாள். ஆனாலும் வெள்ளாடு என்பது நல்லதா கெட்டதா என்று மனம் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டது.

பூபதி மாட்டு டாக்டர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், அவர் மட்டும் எழுந்து தொழுவத்துக்குப் போய் சினைமாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அவளை யாரோ காபியோடு அங்கே அனுப்பினார்கள். என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்றார். பறவைகள் எந்தப் பக்கம் போனால் என்ன பலன் என்று எடுக்கிறேன் என்றாள், வேண்டுமென்றே, சிரிக்கிறாரா பார்ப்போமென்று. "எனக்கு அந்தத் தொந்தரவே இல்லீங்க. மாடு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஊசி ஒரே இடத்துலதான்" என்றார். அவள் சிரித்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும். அப்பாவுக்கு அப்போதுதான் கண் மங்கத் தொடங்கியிருந்தது. சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது, இனி காப்பாற்றி வைத்துக்கொள்வதுதான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் படிப்பதற்கென்றே பிறந்த மனிதர், பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் போடுவார். சாந்தாமணிதான் தினமும் பேப்பரைப் படித்துக் காட்டினாள். தலைப்பிலிருந்து நீத்தார் நினைவு வரைக்கும். அவள் ஒரு வரியை விட்டால் கண்டுபிடித்துவிடுவார், "மழை எத்தனை சென்டிமீட்டர்னு படிக்கலியே கண்ணு" என்பார். கண் மங்க மங்கக் காது கூர்மையானது. தெருவில் வருகிறவர் யார் என்று செருப்புச் சத்தத்தில் சொல்வார், ஊரே அதை மெச்சியது. பூபதி வீட்டார் போன பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவ போயிட்டா எனக்குப் பேப்பர் வெறுங் காயிதந்தான்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "நம்ம என்ன சொல்றது, கரட்டுக்குப் போவோம், ஆத்தா சொல்லட்டும்" என்றார்.

ஆத்தா சொல்லட்டும். மயில்சாமியின் சம்பந்தத்தை அத்தை கொண்டுவந்தபோதும் அதையேதான் சொன்னார். அப்பா எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கோபச் சொல் இல்லை. எம்.ஏ. படிக்கவைத்தவர், ஊரில் முதல் பெண், பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்து நின்றவர். நடுவில் வந்த ஜாதகங்களெல்லாம் பொருந்தாமல் போயின, ஒன்றும் கரடு வரைக்கும் வரவில்லை. ஜாதகத்தைப் பார்க்க ஜோசியரிடம் போனவரும் அப்பாதான். நிறுத்து. இதற்கு மேலே போகாதே. இப்படித் தோண்டிக்கொண்டே போனால் வீட்டில் ஒரு கல்லும் நிற்காது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது அவர் முகத்தை அண்ணாந்து தூக்கி, இமையைத் தானே விரித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாயையும் லேசாகத் திறந்து வைத்திருப்பார். மருந்து விழுந்ததும் "ஆச்சா" என்பார். அந்த முகம் பொய் சொல்லாது. அந்த முகத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், தினமும் சாயங்காலம் அவள் படிப்பதைக் கேட்டுக்கொண்டு எப்படி அத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியும். நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அதுதான், அந்த நிம்மதிதான், இப்போது முள்ளின் அடுத்த முனையாக வந்து மாட்டியது.

திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. எண்ணெய் பாதிக்குக் கீழே போய்விட்டது. அத்தை இடது காதைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். மயில்சாமிக்குத் தாராபுரம் பக்கம் வெங்காய மண்டி. முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வந்து உட்கார்ந்தபோது கூடம் முழுக்கச் சின்ன வெங்காயத்தின் மணம். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, செண்ட் போட்டும் அதற்குக் கீழே அந்த மணம் இருந்தது, அவருக்கே அது தெரிந்து கூசினார், காற்றாடிக்கு எதிரில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார். அவரோடு அவருடைய பெண் குழந்தை வந்திருந்தது. சாந்தாமணியின் புடவை மடிப்பைப் பிடித்து இழுத்து, "நீங்க டீச்சரா? அடிப்பீங்களா?" என்று கேட்டது. "படிக்காட்டி அடிப்பேன்." "நானு படிக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக் காட்டியது. அவர்கள் போன பிறகு சாந்தாமணி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டாந்தாரம். வெங்காய மூட்டைகள். யாரோ வைத்துவிட்டுப்போன அடுக்களை, யாரோ ஏற்றி இறக்கிக் கறுத்த விளக்கு. வேண்டாம் என்றுதான் இன்றைக்குக் காலைவரைக்கும் நினைத்தாள். பல்லி எதையும் சொல்லாமல் திரி அணைந்துவிட்டால் நல்லது என்று படியேறும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே ஏறினாள். சொல்லாமல் அணைந்தால் என்ன ஆகும். மயில்சாமி வீட்டார் நாளைக்கே காங்கேயத்தில் வேறு பெண் பார்க்கப் போவார்கள், அத்தை அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவள் படியிறங்கி வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் பேப்பர். கண்ணுக்கு மருந்து. "ஆச்சா." மறுநாள் பஸ். இனிமேல் யாரும் வரப்போவதில்லை, காகம் கத்தினாலும் வரப்போவதில்லை. அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து மழை எத்தனை சென்டிமீட்டர் என்று படிக்கும்போது, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வரியிலும், தெரியுமா தெரியாதா, தெரியுமா தெரியாதா. நேற்றுவரைக்கும் அந்த வீடு ஒரு வீடாக இருந்தது. அத்தையின் ஒரு கேள்வியில் அதற்குக் கம்பி முளைத்துவிட்டது. அங்கே இனி எப்படி உட்காருவது. கேட்கவும் முடியாது. கேட்டால், தெரியாதென்று சொல்லுவார், நம்ப முடியாது. தெரியுமென்று சொல்லிவிட்டாலோ, அதற்குப் பிறகு அந்தக் கண்ணில் யார் மருந்து விடுவது. மண்டபத்தின் கூரை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. குழந்தைக்கு அந்தப் பல் இந்நேரம் விழுந்திருக்கும். விழுந்த பல்லைச் சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறியவேண்டும், யார் எறிந்திருப்பார்கள், அந்த மனிதருக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ. எப்போதிருந்து தலையை இடது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுத்து வலித்தபோதுதான் தெரிந்தது. உக்கிராண அறையைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பாதவள், விரும்பாதவள், சொல்லேன் என்று ஒரு பல்லியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி ஓய்ந்தது. சுடர் குட்டையாகி நீலம் காட்டியது.

பல்லி சொன்னது.

உக்கிராண அறைக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. ஒரு தவலைக்குள் பட்டு அந்தச் சத்தம் கொஞ்சம் பெரிதாகிக்கூட வந்தது. அத்தையின் விரல் தரையைத் தட்டியது. அம்மாவின் விரல் தட்டியது. பின்னால் அப்பாவின் விரலும் ஒரு தட்டு தட்டி நின்றது. சாந்தாமணி தட்டவில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் எதுவோ, வெகுநாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த எதுவோ, பிடியை விட்டது. சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வெங்காயம் உரித்தால் கண் எரியும், எரியட்டும். அந்தக் குழந்தைக்கு முதலில் எழுத்து வருகிறதா பார்க்க வேண்டும். திரி அணைவதற்கு இன்னும் சற்று இருந்தது, அந்தச் சற்று நேரத்துக்குள் அவள் ஒரு வீட்டையே குடிவைத்துப் பார்த்துவிட்டாள். சுடர் இரண்டு முறை துள்ளி அணைந்தது. கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது.

"ஏனுங்க, ஆத்தா வாயைத் தொறந்தாளா?" என்றார் பண்டாரம்.

"தொறந்தா, தொறந்தா. நல்லாக் கேட்டுது" என்றாள் அத்தை, வெற்றிலை எச்சிலை விழுங்கிக்கொண்டு. "எந்தப் பக்கமின்னுதான் புடிபடலை. எனக்கு ஒரு காது மந்தம், எல்லாம் ஒரே பக்கமாட்டத்தான் கேக்கும். தம்பி சொல்லட்டும். அவங் காதுக்கு எறும்பு நடந்தாத் தெரியும்."

அப்பா கனைத்துக்கொண்டார். "சோத்தாங்கைப் பக்கமுங்க" என்றார். "கண்ணாடிக்கு அக்கட்டாலதான் சத்தங் கேட்டுது. ஆகாதுங்க பண்டாரம்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மருந்து விட்டதும் ஆச்சா என்று கேட்பாரே, அந்தக் குரல். சாந்தாமணி இப்போதுதான் திரும்பினாள். அவர் முகம் அணைந்த விளக்கின் பக்கமாக இருந்தது, கை அவள் பக்கமாக நீண்டிருந்தது, தூக்கிவிடச் சொல்லி. "எந்திரி கண்ணு. வெயில் ஏறுது. போயி அந்தத் தலையங்கத்தைப் படிச்சு முடிச்சர்லாம்." அந்தக் கை நீளுமுன்பே பிடித்துப் பழகியவள் அவள். காப்பாற்றுகிறாரோ. சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அவருடைய காது கேட்டிருக்கும், வேண்டாமென்று நினைக்கிறாள் என்று அவளுக்காகச் சாமி முன்னால் பொய் சொல்கிறாரோ. அந்த நினைப்பை அவள் ஒரு வளையலைப்போலப் போட்டுப் பார்த்தாள். விரல் முட்டி வரைக்கும் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. அன்றைக்கு அந்தப் பையனிடம் ஆகாது போலிருக்குது என்று சொன்னதும் இதே குரல்தான்.

"இல்லீங்கப்பா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நொட்டாங்கைப் பக்கம். உக்கிராண அறையில."

"அட, வாயைத் தொறந்துட்டாளே" என்றாள் அத்தை.

பண்டாரத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மிணி, பொண்ணு சொல்லப்படாதுன்னு முன்னாலயே சொன்னனுங்களே. சொன்னாலும் எடுத்துக்க முடியாதுங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததில்லை."

"கால் மரத்திருக்கும். எந்தப் பக்கம் எதுன்னு தெரியாமப் பேசறா" என்றார் அப்பா, மெதுவாக, அவளுக்கு நோகாதபடி. "வா கண்ணு, கையைக் குடு."

அம்மா எழுந்தாள். நீட்டிய காலைக் கையால் பிடித்து மடக்கி, தூணைப் பற்றிக்கொண்டு, முட்டி நொடிக்க எழுந்தாள். பூத்தட்டை எடுத்தாள், தேங்காய்மூடி உருண்டுவிடாமல் அதைச் சரியாக வைத்தாள். அவள் ஏதோ கிளம்புவதற்காகத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டில் எது நடந்தாலும் உங்கப்பா சொன்னாச் சரி என்பதற்கு மேல் சொல்லாதவள்.

"பண்டாரம்" என்றாள். "நானுங் கேட்டனுங்க. நொட்டாங்கைப் பக்கந்தான்."

"வேலாத்தா" என்றார் அப்பா.

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. தட்டிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குங் கண்ணாலத்துக்கு அதே மூலையிலதான் சொல்லுச்சு. அன்னைக்கு இவளுக்கும் அங்கதான் சொல்லுச்சு. அன்னைக்கும் நல்ல வாக்குதானுங்க."

அப்பாவின் கை நீண்டபடியே இருந்தது. கொஞ்ச நேரம் அது அங்கேயே, வெயிலில், யாரையோ தேடிக்கொண்டிருந்தது.